செத்தது யாரு, பிழைச்சது யாரு?

2017 ஆகஸ்ட் மாதம். ஐன்ட்ஹோவனில் ஒரு தியேட்டரில் கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கிர்க்’ பார்த்துக்கொண்டிருந்தோம். நெதர்லாந்தில் எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று, இங்கே பல தியேட்டர்களில் ஹாலிவுட் படத்துக்கும் நடுவில் இடைவேளை விடுவார்கள். நம்ம ஊர் மாதிரியே கும்பலாக எழுந்து பாப்கார்ன் வாங்கப் போவார்கள். அந்த இடைவேளையில் மனைவி கேட்டாள், “அந்தப் பேசாத பையன் என்ன ஆனான்?” நான் காபியை உறிஞ்சியபடியே, “அதான் இப்பக்கூட கடல்லேர்ந்து ஏறினானே” என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

படம் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது அவளே ஆரம்பித்தாள். “அந்தப் பையன் படகுக்குள்ள மாட்டிக்கிட்டு செத்துப்போனதுதாங்க மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

“செத்துப்போனானா? ரயில்ல உட்கார்ந்து பேப்பர் வாசிச்சுட்டு வந்தானே?”

அவள் சைக்கிளை நிறுத்தியே விட்டாள். “அது வேற பையன்ங்க! முகமே வேறயே!”

106 நிமிடம் ஓடுகிற படம். அதில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்றே தெரியாமல் பார்த்து முடித்திருக்கிறேன். இதில் தியேட்டர் வாசலிலேயே, ‘தலைவன் நோலன்! என்ன மேக்கிங்!’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் வேறு போட்டுவிட்டேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கடற்கரையில் மாட்டிக்கொண்ட மூன்று இளம் சிப்பாய்கள். டாமி, கிப்சன், அலெக்ஸ். மூவருக்கும் கருத்த முடி, ஒரே யூனிஃபார்ம், பாதி நேரம் முகமெல்லாம் தண்ணீர், மீதி நேரம் எண்ணெய். பேச்சும் மிகக் குறைவு. இதில் கிப்சன் என்பவன் உண்மையில் ஆங்கிலேயனே இல்லை. செத்துப்போன ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் உடுப்பைப் போட்டுக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும் பிரெஞ்சுக்காரன். வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும் என்பதால்தான் பேசாமலே இருக்கிறான். கடைசியில் ஓட்டை விழுந்த மீன்பிடிப் படகுக்குள் மூழ்கிச் சாவதும் அவன்தான். அவன் யார் என்று அடையாளம் தெரிந்தால் மட்டுமே அந்தச் சாவு வலிக்கும். எனக்கு வலிக்கவில்லை. ஏதோ ஒரு சிப்பாய் செத்தான், அவ்வளவுதான்.

அதே படத்தில் இன்னொன்றும் நடந்தது. கதை மூன்று கால அளவுகளில் ஓடுகிறது. கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானத்தில் ஒரு மணி நேரம். இது மூன்றையும் முடிச்சுப் போடும் ஒரு முகம் உண்டு, சிலியன் மர்ஃபியுடையது. ஓர் இடத்தில் அவர் நடுங்கிப்போய், திரும்பவும் டன்கிர்க்குக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். அப்புறம் வேறோர் இடத்தில், ராத்திரி இருட்டில், படகில் நின்று மற்றவர்களுக்கு நிதானமாக உத்தரவு போடுகிறார். இரண்டும் ஒரே ஆள் என்று புரிந்தால்தான், ‘ஓ, இது முன்னால் நடந்தது’ என்று காலக்கணக்கு பிடிபடும். நோலன் அதை வசனத்தில் சொல்லமாட்டார், முகத்தை மட்டும் காட்டுவார். நான் அந்த முகத்தையும் கோட்டை விட்டேன். படம் குழப்புகிறது என்று நோலன் மேல் பழியைப் போட்டேன்.

மறுநாள் ஆபீஸில் விசாரித்தேன். டச்சுக்காரர்களிலும் ஒன்றிரண்டு பேர், ‘பசங்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தானுங்க’ என்றார்கள். ஆனால் அவர்களுக்குக் குழப்பம் பத்து நிமிடத்தில் தெளிந்திருக்கிறது. எனக்குத் தெளிய ஒரு மனைவி தேவைப்பட்டாள்.

இது எனக்கு மட்டும் நடப்பதா என்றால், இல்லை. அப்பா இங்கே வந்திருந்தபோது ‘தி டிபார்ட்டட்’ போட்டுக் காட்டினேன். மார்ட்டின் ஸ்கார்செஸி 2006-ல் எடுத்த படம். போலீஸ்காரன் ஒருத்தன் ரவுடிக் கும்பலுக்குள் ஒளிந்திருக்கிறான், ரவுடிக் கும்பலின் ஆள் ஒருத்தன் போலீஸுக்குள் ஒளிந்திருக்கிறான். முதலாமவர் லியோனார்டோ டிகாப்ரியோ, இரண்டாமவர் மேட் டேமன். அப்பா முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “ஏண்டா, இது டபுள் ஆக்‌ஷனா?” என்றார்.

சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது சாதாரணக் கேள்வி இல்லை. நாம் டபுள் ஆக்‌ஷனிலேயே வளர்ந்த கூட்டம். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் ராமு யார், இளங்கோ யார் என்று ஒருத்தருக்காவது குழப்பம் வந்திருக்குமா? ‘தெய்வ மகன்’ல சிவாஜி மூன்று பேர். ‘மைக்கேல் மதன காம ராஜன்’ல கமல் நான்கு பேர். ‘வாலி’யில் அண்ணன் அஜித்தும் தம்பி அஜித்தும் ஒரே சட்டை போட்டு நின்றாலும், எது அண்ணன் என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவோம். ஒரே முகத்தை இரண்டு பேராகப் பிரிக்கத் தெரிந்த நமக்கு, இரண்டு முகங்களை இரண்டு பேராகப் பார்க்கத் தெரியவில்லை. என்ன விசித்திரம்!

விசித்திரம் இல்லை என்று பிறகு புரிந்தது. டபுள் ஆக்‌ஷன் படத்தில் நாம் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அதைத்தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறோம். நடை, குரல், மீசை, முதுகு வளைந்திருக்கிறதா, பாலக்காட்டுத் தமிழா மெட்ராஸ் தமிழா. டைரக்டரும் அதற்குத் தகுந்தபடி ஒருத்தருக்கு மச்சம் வைப்பார், இன்னொருத்தருக்குக் கண்ணாடி மாட்டுவார். ‘டன்கிர்க்’கில் இந்த ஊன்றுகோல் ஒன்றுகூடக் கிடையாது. குரல் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிடுவதும் அபூர்வம், உடுப்பும் ஒன்றே. வெறும் முகத்தை வைத்து அடையாளம் கண்டுபிடி என்றால் நான் அம்போ.

ஹாலிவுட்டிலேயே இந்தச் சிக்கலைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் உண்டு. ரிட்லி ஸ்காட்டின் ‘பிளாக் ஹாக் டவுன்’ல சிப்பாய்களின் ஹெல்மெட்டில் பெயர் எழுதியிருக்கும். பார்ப்பவர்கள் குழம்பக் கூடாது என்று படத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. கொரியாவின் ‘ஸ்க்விட் கேம்’ல எல்லாருக்கும் பச்சை டிராக்சூட், நெஞ்சில் நம்பர். அது வந்த 2021-ல் எங்கள் நண்பர்கள் வீடுகளில் யாரும் கதாபாத்திரங்களின் பேரைச் சொல்லிப் பேசவில்லை, ‘456’ என்றுதான் பேசினோம். 199-ஆம் நம்பருக்கு மட்டும் நம்பரே தேவைப்படவில்லை. அலி. நடித்தவர் அனுபம் திரிபாதி, இந்தியர். அத்தனை கூட்டத்திலும் அந்த ஒரு முகம் எங்களுக்கு டக்கென்று தெரிந்தது.

ஏன் தெரிந்தது? இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நம்ம வேலைதான் தெரியுமே, ஒரு பில்டு ஓடி முடிவதற்குள் நாலு ஆய்வுக் கட்டுரை படித்துவிடலாம்.

தங்கள் இனத்தாரின் முகங்களை எளிதாக அடையாளம் காண்பதும், பிற இனத்தாரை எல்லாம் ஒரே மாதிரி பார்ப்பதும் உளவியலில் 1969-லிருந்தே பரிசோதித்து வரும் விஷயம். அந்த வருஷம் மால்பாஸ், கிராவிட்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் வெள்ளை, கறுப்பின மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு பிரபலமானது. பிறகு பல நாடுகளில் செய்து பார்த்துவிட்டார்கள். வெள்ளைக்காரருக்கு மட்டும் உள்ள குறை இல்லை இது. சீனர், ஆப்பிரிக்கர், நாம், எல்லாருக்கும் உண்டு.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு சோதனை. 2011-ல் வெளியானது, இங்கிலாந்தில் செய்தது. இரண்டு டச்சுப் பெண் பிரபலங்களின் படங்களை ஆளுக்கு இருபதாக மொத்தம் நாற்பது எடுத்தார்கள். சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் பிரிட்டிஷ்காரர்களிடம் கொடுத்து, ‘ஒவ்வொரு ஆளையும் தனித்தனிக் கட்டாகப் பிரியுங்கள்’ என்றார்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் சராசரியாக ஏழெட்டுக் கட்டு போட்டார்கள். அதே படங்களை டச்சுக்காரர்களிடம் கொடுத்தபோது இரண்டே கட்டு. இத்தனைக்கும் பிரிட்டிஷ்காரரும் வெள்ளையர், டச்சுக்காரரும் வெள்ளையர். இங்கே இனம் அல்ல விஷயம், பழக்கம். அந்தப் பிரபலங்களை வருஷக்கணக்காக டிவியில் பார்த்தவர்களுக்கு, முடி மாறினாலும் வெளிச்சம் மாறினாலும் ஆள் மாறவில்லை.

நம்மில் யாரிடமாவது ‘முள்ளும் மலரும்’ ரஜினி, ‘பாட்ஷா’ ரஜினி, ‘காலா’ ரஜினி என்று மூன்று படம் காட்டினால் மூன்று பேர் என்று சொல்வோமா? 1978-க்கும் 2018-க்கும் நடுவே நாற்பது வருஷம். முடி போயிற்று, தாடி வந்தது. ஆனாலும் ரஜினி ரஜினிதான். இதே மூன்று படத்தை என் டச்சு நண்பர் ஒருவரிடம் காட்டினேன். “மூன்று தலைமுறையா? தாத்தாவும் பேரனுமா?” என்றார்.

பழகாத முகத்தில் நாம் முடியையும் முகத்தின் வெளிவடிவத்தையும்தான் பிடித்துக்கொள்கிறோமாம். பழகிய முகத்தில்தான் கண், மூக்கு, வாய் என்று உள்ளே போகிறோம். எனக்கு ஓர் ஊகம் உண்டு. டச்சுக்காரர் ஒருவரை அடையாளம் சொல்லும்போது இங்கே முதலில் வருவது முடியின் நிறம்தான், ‘அந்தச் செம்பட்டை முடிக்காரர்’, ‘பொன்னிற முடி, நீலக் கண்’ என்று. நம்ம ஊரில் அப்படிச் சொன்னால் கதை கந்தல். எல்லாருக்கும் கருப்பு முடி, கருப்புக் கண். அதனால் நாம் ‘மாநிறம்’, ‘முன்நெற்றி ஏறினவர்’, ‘எடுப்பான மூக்கு’, ‘தெத்துப்பல்’ என்று போவோம். இரண்டு ஊரும் இரண்டு விதமாகக் கண்ணைப் பழக்குகின்றன. அந்த ஊர்க் கண்ணை வைத்து இந்த ஊர் முகத்தைப் படித்தால் தடுமாறத்தான் செய்யும்.

கம்ப்யூட்டரும் இதே கதைதான். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-ல் 189 முகம் அறியும் மென்பொருள்களைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒருத்தரை இன்னொருத்தர் என்று தப்பாகப் பொருத்திவிடும் பிழை, வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களில் பல மென்பொருள்களுக்குப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை அதிகம் இருந்தது. ஆனால் ஆசிய நாடுகளில் உருவாக்கிய சில மென்பொருள்களுக்கு ஆசிய முகங்களில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. சாஃப்ட்வேர்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. என்ன டேட்டா போட்டுப் பழக்கினாயோ, அதுதான் வெளியே வரும்.

சரி, சினிமாவில் ஆள் தெரியாவிட்டால் என்ன, ஒரு டிக்கெட் காசுதானே நஷ்டம் என்று இருந்துவிடலாம். ஆனால் இது தியேட்டரோடு நிற்பதில்லை.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் எங்கள் டீமில் இரண்டு தமிழர்கள். நானும், ஒரு திருநெல்வேலிக்காரரும். அவர் என்னைவிட அரை அடி உயரம், கண்ணாடி போடுவார். எனக்குக் கண்ணாடி கிடையாது. (அப்போது தலையில் முடி இருந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.) ஒரு நாள் மேலதிகாரி காபி மெஷின் பக்கத்தில் என்னைப் பிடித்து, “போன வாரம் நீ கொடுத்த டெமோ பிரமாதம், வாடிக்கையாளர்கள் அசந்துவிட்டார்கள்” என்றார். டெமோ கொடுத்தது நான் இல்லை, அவர். நான் திருத்தியிருக்க வேண்டும். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, மேலதிகாரியிடம் ‘நீங்கள் ஆளை மாற்றிப் பேசுகிறீர்கள்’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. “தேங்க் யூ” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் அவருடைய கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. அந்த ஒரு ‘தேங்க் யூ’வால்தான் என்று சொல்லமாட்டேன், பட்ஜெட் குறைத்தார்கள், இன்னும் நாலு பேரையும் அனுப்பினார்கள். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் ரொம்ப நாள் முள்ளாகவே இருந்தது. மூன்று வருஷம் கழித்துப் போனில் பேசும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிசிரியென்று சிரித்தார். “அட விடுங்க. சர்வர் விழுந்துச்சே ஒரு நாள், ஞாபகம் இருக்கா? உங்களுக்கு விழ வேண்டிய திட்டு எனக்கு விழுந்துச்சு. நானும் ‘சாரி’ன்னு வாங்கிக்கிட்டேன்.”

நானும் யோக்கியன் இல்லை. அதே டீமில் இருந்த இரண்டு டச்சு இளைஞர்களை, இருவரும் உயரம், பொன்னிற முடி, ஆறு மாதம் மாற்றி மாற்றித்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் திருத்தினார்கள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே திருத்தினார்கள். அந்த ஊர்க்காரர்கள் என்பதால் அவர்களுக்கு அது சுலபமாக வந்தது. சிறுபான்மையாக இருப்பவனுக்குத் திருத்துவதுகூட ஒரு சங்கடமாகிவிடுகிறது.

சங்கடத்தோடு முடிந்தால் புண்ணியம். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984-ல் ஒரு கல்லூரி மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். அந்தக் கொடுமையின் நடுவிலும், பிழைத்தால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்று அவன் முகத்தை மனதில் பதிய வைத்துக்கொண்டவர் அவர். அவர் வெள்ளையர், குற்றவாளி கறுப்பினத்தவன். போட்டோக்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார், அணிவகுப்பிலும் அவரையே காட்டினார். காட்டன் சிறைக்குப் போனார். மறுவிசாரணையின்போது உண்மைக் குற்றவாளியையே கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தியபோதும், ‘இவனை நான் பார்த்ததே இல்லை’ என்றார் அந்தப் பெண். 1995-ல் டிஎன்ஏ பரிசோதனை வந்துதான் காட்டன் வெளியே வந்தார். பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவ்வளவு உறுதியாகப் பார்த்த கண்ணே ஏமாந்துவிட்டது. பிறகு இருவரும் நண்பர்களாகி, சேர்ந்து ஒரு புத்தகமும் எழுதினார்கள்.

இன்னொரு வகையையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். முகத்தை அடையாளம் காணும் திறனே குறைவாகப் பிறப்பவர்கள் உண்டு. ப்ரோசோபக்னோசியா என்பார்கள், நூறில் இரண்டு பேருக்கு இருக்கலாம் என்று ஒரு கணக்கு. நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கே இருந்தது. சொந்த மனைவி, மக்களே கூட்டத்தில் தெரியவில்லை என்றால் அது இது. என்னுடையது அப்படி இல்லை. தெரிந்த முகங்கள் எனக்கு நன்றாகவே தெரிகின்றன, தெரிந்துகொள்ளாத முகங்கள்தான் தெரிவதில்லை.

2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் இங்கே வந்தபோது, ரஜினியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த அதே நண்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். பழிவாங்கும் எண்ணம் இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. மனிதர் சப்டைட்டிலை ஒரு வரி விடாமல் படித்தார். முடிந்து வெளியே வந்ததும் ரொம்பத் தயங்கிக் கேட்டார். குதிரையில் வந்தவனும் இலங்கையில் இருந்த இளவரசனும் ஒரே ஆள் என்று நினைத்துவிட்டாராம். அதனால் வந்தியத்தேவனும் அருண்மொழிவர்மனும் வாளெடுத்து மோதியபோது, ஹீரோ கனவு காண்கிறான் என்று முடிவு கட்டியிருக்கிறார்! நமக்குக் கார்த்தியும் ஜெயம் ரவியும் எங்கே, எப்படிக் குழம்பும்? ஆனால் நீள முடியும் கவசமும் மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அது டன்கிர்க்தான்.

அதைவிடப் பெரிய இழப்பு அவருக்குக் கடைசியில். கடலுக்குள் பாயும் ஊமைராணியின் முகத்தைக் காட்டி முதல் பாகத்தை முடிப்பார்கள். நந்தினியின் முகம், வயதாகி. தியேட்டரே ‘ஆ’ என்றது. நாவலைப் படித்த என் மனைவிகூட நிமிர்ந்து உட்கார்ந்தாள். நண்பர் மட்டும் ஜிப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார். ஏதோ ஒரு பாட்டி. எனக்குக் கிப்சன் எப்படி ஏதோ ஒரு சிப்பாயோ, அப்படி. உலக அழகியின் முகமே பழகாவிட்டால் இவ்வளவுதான்.

இதுவரை எல்லாம் வேடிக்கையாகவே எழுதிவிட்டேன். சொல்ல வந்தது இனிமேல்தான்.

எங்கள் மகளுக்கு ஏழு வயது. இங்கேயே பிறந்தவள். அவள் வகுப்பில் இரட்டையர் இருக்கிறார்கள், இரண்டு பெண் குழந்தைகள், ஒரே மாதிரி வெளிர்முடி, ஒரே பின்னல், ஒரே மழைக்கோட்டு. எனக்கு நாலு வருஷமாக எது எது என்று தெரியாது. மகள் தூரத்திலிருந்தே பேர் சொல்லிக் கையாட்டுவாள். எப்படிம்மா கண்டுபிடிக்கிறே என்று கேட்டால், “அப்பா, முகமே வேறப்பா!” என்கிறாள். அவள் அம்மா சைக்கிளை நிறுத்திச் சொன்ன அதே வார்த்தை.

போன கோடையில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். என் அக்காவுக்கு மகள்மேல் உயிர். ஞாயிறு தவறாமல் வீடியோ கால் போடுவாள், முறுக்கு, அதிரசம் என்று பார்சல் அனுப்புவாள். மண்டபத்தில் மகள் ஓடிப்போய், “அத்தை!” என்று ஓர் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, மூக்குத்தி. அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர். அக்கா நாலடி தள்ளி, கையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி அடுக்களையில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே சொன்னாள், “வாரா வாரம் போன்ல பேசறேனேடா.”

எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நம்ம வீட்டுப் பெரியவர்கள் வீடியோ கால் பேசும் அழகு உங்களுக்கே தெரியும். திரையில் பாதி நெற்றி, மீதி சீலிங் ஃபேன். மகளுக்கு அத்தையின் குரல் தெரியும், அத்தை வீட்டு ஃபேன் தெரியும். அத்தை முகம் தெரியாது.

அன்றைக்குத்தான் எப்போதோ படித்த இன்னோர் ஆய்வு ஞாபகம் வந்தது. 2005-ல் பிரான்ஸில் செய்தது. கொரியாவில் பிறந்து, மூன்றிலிருந்து ஒன்பது வயதுக்குள் பிரெஞ்சு வெள்ளையர் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களை, வளர்ந்த பிறகு சோதித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொரிய முகங்களைவிட வெள்ளையர் முகங்களே சுலபமாக அடையாளம் தெரிந்தன. ரத்தம், ஜாடை, பிறந்த மண், எதுவும் காப்பாற்றவில்லை. சுற்றி எந்த முகங்கள் இருந்தனவோ அந்த முகங்களுக்கே கண் பழகிவிட்டது. தமிழ் பேச வராமல் போய்விடுமோ என்று நாம் எல்லாரும் கவலைப்படுகிறோம், ஞாயிற்றுக்கிழமை பள்ளி நடத்துகிறோம். தமிழ் முகங்களே பிடிபடாமல் போகலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. மூன்று மாதக் குழந்தைக்கு எல்லா இனத்து முகங்களும் பிரித்துத் தெரிகின்றன. ஒன்பது மாதத்தில் சுற்றியிருப்பவர்கள் முகம் மட்டும் என்று சுருங்கிவிடுகிறது. ஆனால் 2011-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஆறு மாத வெள்ளையர் குழந்தைகளுக்குச் சீன முகங்கள் கொண்ட படப் புத்தகத்தை மூன்று மாதம் வீட்டில் காட்டிவந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்திலும் சீன முகங்கள் பிரித்துத் தெரிந்தன. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பேர் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் முடியாது என்பதில்லை. என் அம்மா தமிழில் டப் செய்த கொரியன் சீரியல் பார்க்க ஆரம்பித்தபோது, “எல்லாம் ஒரே மூஞ்சிடா” என்றவர்தான். இப்போது ஹீரோவின் நண்பனுடைய அக்கா போன சீரியலில் வில்லியாக வந்தவள் என்று எனக்கே பாடம் எடுக்கிறார்.

அதனால் இந்தக் குளிர்காலத்தில் ஒரு வேலை செய்தோம். இங்கே குழந்தைகளுக்கு மெமரி என்று ஒரு விளையாட்டு உண்டு, கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஜோடி சேர்ப்பது. சொந்தக்காரர்களின் படங்களைப் பிரிண்ட் எடுத்து அட்டை செய்தோம். ஒரே படத்தை இரண்டு அட்டையில் போடவில்லை. அத்தை கல்யாணத்தில் ஒன்று, அத்தை வீட்டில் நைட்டியோடு ஒன்று. அதுதான் ஜோடி. அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, போனை எட்டிப் பிடித்துப் பேசச் சொன்னேன். இப்போது முகம் முழுசாகத் தெரிகிறது. ஃபேன் தெரியவில்லை என்று மகள் குறைப்பட்டாள்.

அட்டைகள் தீர்ந்து இப்போது எங்கள் கல்யாண வீடியோவுக்கு வந்திருக்கிறோம். நாலு மணி நேரம் ஓடும். வீடியோக்காரர் புண்ணியத்தில் பாதி நேரம் எங்கள் தலைக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி கொட்டும், இதயம் பறக்கும். மகள் ரிமோட்டை வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி, யார் யார் என்று கேட்பாள். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற ஆளைக் காட்டி, “இவருக்கு முடி இருக்கே?” என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன சனிக்கிழமை, ஆசீர்வாத வரிசையில் வந்த ஓர் அம்மாவிடம் படத்தை நிறுத்தினாள். மஞ்சள் புடவை, பெரிய குங்குமப் பொட்டு. என் தலையில் இரண்டு கையையும் வைத்து அழுதுகொண்டே ஏதோ சொல்கிறார்.

“இது யாருப்பா?”

எழுந்து டிவி பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மனைவியைக் கூப்பிட்டேன். “உங்க பக்கம்தான், எங்க பக்கம் இல்லை” என்றாள்.

“அப்பா, உனக்கும் தெரியலையா?”

திரையைப் போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். மங்கலான படம், குறுக்கே ஓர் இதயம் வேறு பறந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அம்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“டேய், மாயவரம் பெரியம்மாவோட ஓரகத்திடா. உனக்கு மூணு மாசம் வரைக்கும் அவதான் குளிப்பாட்டி விட்டா, எனக்கு உடம்பு முடியாம இருந்தப்ப. அவ முகத்தையா தெரியலேங்கறே?”

மகள் ரிமோட்டை எடுத்து, “கொஞ்சம் பின்னாடி போறேன்ப்பா, மூக்கு சரியாத் தெரியலை” என்றாள்.